ரெய்டு தொகுப்பில் டிஸ்க் பழுதானால்: உருவுவதற்கு முன் என்ன, பின் என்ன

சர்வரின் முகப்பில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்த விளக்குகளில் ஒன்று மஞ்சளாக மாறியிருக்கிறது. அல்லது, ‘தொகுப்பில் ஒரு டிஸ்க் செயலிழந்துவிட்டது’ என்று நள்ளிரவில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. இந்த வேலைக்குப் புதியவர் என்றால் அந்த நிமிடத்தில் கை பரபரக்கும். ஓடிப்போய்ப் பழுதானதை உருவிவிட்டுப் புதியதைச் செருகத் தோன்றும். தயவுசெய்து அதை உடனே செய்யாதீர்கள். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் அந்த ரெய்டு தொகுப்பு, ஒரு டிஸ்க் போனாலும் தாங்குவதற்காகவே கட்டப்பட்டது. இப்போது அது தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நான் பார்த்த வரையில், தரவை இழந்தவர்கள் பெரும்பாலும் முதல் டிஸ்க் போனதால் இழக்கவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் பதறிச் செய்த ஏதோ ஒரு காரியத்தால் இழந்தார்கள்.

நானே அப்படி ஒன்றைச் செய்திருக்கிறேன். நான்கு டிஸ்க் கொண்ட ரெய்டு 5 தொகுப்பு. ‘டிஸ்க் 3 பழுது’ என்றது மென்பொருள். மேலிருந்து மூன்றாவதாக இருந்ததை உருவினேன். மென்பொருள் 0-விலிருந்து எண்ணுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதன் கணக்கில் 3 என்பது நான்காவது டிஸ்க். நலமாக இருந்த டிஸ்க் என் கையில் இருந்தது, தொகுப்பு முழுவதும் நின்றுபோயிருந்தது. அதை எப்படி மீட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கீழே வரும் படிகளில் பல அந்த இரவில் கற்றவை.

முதலில், உங்கள் தொகுப்பு எவ்வளவு தாங்கும்?

பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவை ஈடுகட்டும்படி அமைக்கலாம் என்ற யோசனைக்கு ரெய்டு என்ற பெயரைக் கொடுத்தவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர். 1988-இல் வெளிவந்த அவர்களது ஆய்வுக் கட்டுரையில் ஐந்து நிலைகள் சொல்லப்பட்டிருந்தன. இன்று நாம் அன்றாடம் சந்திப்பவை சிலவே. ரெய்டு 1 என்பது ஒன்றின் நகல் மற்றொன்று. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போவதைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டு போவதைத் தாங்கும். ரெய்டு 10 என்பது இரட்டையர்களின் வரிசை: ஒவ்வொரு இரட்டையரிலும் ஒன்று போகலாம், ஆனால் ஒரே இரட்டையரில் இரண்டும் போய்விட்டால் எல்லாம் போயிற்று. ரெய்டு 0 என்ற பெயரில் எண் இருக்கிறதே தவிர, பாதுகாப்பு எதுவும் இல்லை.

இதை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. ரெய்டு 6-இல் ஒன்று போனால் இன்னும் ஒரு படி கீழே விழ இடம் இருக்கிறது. நிதானமாக வேலை செய்யலாம். ரெய்டு 5-இல் ஒன்று போய்விட்டால், மீதமுள்ள ஒவ்வொரு டிஸ்க்கும் இன்றியமையாதது. அதில் எதைத் தொட்டாலும் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, காப்புப்பிரதியைப் பாருங்கள்

பழுதைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்கிறேன். கடைசி பேக்கப் எப்போது முடிந்தது? அதிலிருந்து ஒரு கோப்பையாவது எடுத்துத் திறந்து பார்க்க முடிகிறதா? முடியவில்லை என்றால், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, தொகுப்பு இன்னும் உயிரோடு இருக்கும்போதே முக்கியமானவற்றை வேறு இயந்திரத்துக்கு நகலெடுங்கள். எல்லாவற்றையும் எடுக்க நேரம் இருக்காது. எனவே மீண்டும் உருவாக்கவே முடியாதவை முதலில்: தரவுத்தளங்கள், கணக்குகள், மனிதர்கள் எழுதிய ஆவணங்கள். நிறுவல் கோப்புகளையும் மறுபடி பதிவிறக்கக் கூடியவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள்.

மறுகட்டமைப்பு, அதாவது மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுப் புதியதை நிரப்பும் வேலை, முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் ஒத்திப்போடுவார்கள். நான் ஏற்கமாட்டேன். மறுகட்டமைப்புதான் மீதமுள்ள டிஸ்க்குகளுக்கு வரும் மிகக் கடுமையான சோதனை. ஒவ்வொன்றும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசிக்கப்படும். பல மாதங்களாக யாரும் தொடாத மூலைகளும் அப்போது தொடப்படும். அங்கே ஒரு வாசிப்புப் பிழை காத்திருக்கக்கூடும்.

மூன்றாவது, எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இப்போதைய நிலையை முழுவதும் பதிவு செய்யுங்கள். லினக்ஸின் மென்பொருள் ரெய்டு என்றால் ‘எம்டிஸ்டாட்’ கோப்பின் உள்ளடக்கம், அதை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கருவியின் ‘டீடெயில்’ அறிக்கை, ஒவ்வொரு டிஸ்க்குக்குமான ‘எக்ஸாமின்’ அறிக்கை. இசட்எஃப்எஸ் (ரெய்டு வேலையையும் தானே செய்யும் கோப்பு முறைமை) என்றால் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ காட்டுவது. ரெய்டு வேலையைச் செய்யும் தனிக் கன்ட்ரோலர் அட்டை என்றால் அதன் மேலாண்மைக் கருவி தரும் முழு அறிக்கையும் நிகழ்வுப் பதிவும். இவற்றோடு இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவையும் சேமியுங்கள். முக்கியமாக, இவை எல்லாவற்றையும் வேறொரு கணினியில் சேமியுங்கள். பழுதான தொகுப்புக்குள்ளேயே குறிப்பை வைத்துவிட்டு, அது நின்றுபோனதும் குறிப்பையும் இழந்தவர்களை அறிவேன்.

‘எக்ஸாமின்’ அறிக்கையை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், டிஸ்க்குகளின் வரிசை, துண்டின் அளவு, தரவு தொடங்கும் இடம், நிகழ்வு எண்ணிக்கை (தொகுப்பு மாற மாற ஒவ்வொரு டிஸ்க்கிலும் கூடிக்கொண்டே போகும் எண்) ஆகிய எல்லாம் அதில் இருக்கின்றன. நிலைமை மோசமானால் மீட்பு வேலைக்கு வருபவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

எம்டிஸ்டாட் கோப்பை வாசிப்பது எளிது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் எழுத்து: நலமாக இருந்தால் ‘யூ’, இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு கீழ்க்கோடு. டிஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘எஃப்’ இருந்தால் அது பழுதென்று ஒதுக்கப்பட்டது. இசட்எஃப்எஸ் மூன்று பத்திகளில் எண்களைக் காட்டும்: வாசிக்கும்போது வந்த பிழை, எழுதும்போது வந்த பிழை, செக்சம் பிழை (வாசித்த தரவு சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தாதது). ஒரே டிஸ்க்கில் எண்கள் ஏறினால் அந்த டிஸ்க்கையோ அதன் கேபிளையோ சந்தேகிக்கலாம். எல்லா டிஸ்க்குகளிலும் செக்சம் பிழை பரவலாக இருந்தால், ஒரே நாளில் எல்லாமா கெட்டிருக்கும்? அப்போது நினைவகத்தையும் கன்ட்ரோலரையும் மின்வழங்கியையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, பழுதானது உண்மையிலேயே டிஸ்க்தானா?

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

தொகுப்பு ஒரு டிஸ்க்கை வெளியேற்றுகிறது என்றால், ‘கேட்ட நேரத்தில் அதனிடமிருந்து சரியான பதில் வரவில்லை’ என்பது மட்டுமே பொருள். பதில் வராததற்குத் தளர்ந்த கேபிள் காரணமாக இருக்கலாம். டிஸ்க்குகள் செருகப்படும் பின்பலகையில் ஒரு தொடர்புமுனை அழுக்கேறியிருக்கலாம். மின்வழங்கி தடுமாறியிருக்கலாம். இரண்டு அல்லது மூன்று டிஸ்க்குகள் ஒரே நொடியில் காணாமல் போயிருந்தால் அவை எல்லாம் ஒன்றாகச் செத்துவிட்டன என்று நம்பாதீர்கள். அவற்றுக்குப் பொதுவாக எது இருக்கிறது என்று தேடுங்கள். ஒரே கேபிள் தொகுதி, ஒரே மின்கம்பி, ஒரே கன்ட்ரோலர் இணைப்புமுனை.

டிஸ்க்கின் சொந்த வாக்குமூலம் ‘ஸ்மார்ட்’ எண்களில் இருக்கிறது. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கருவி அதைக் காட்டும். நீளமான பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். சேட்டா இணைப்புள்ள ஹார்ட் டிஸ்க்குகளில் நான் பார்ப்பது சிலவற்றைத்தான். 5-ஆம் எண்: கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்). 197: வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198: டிஸ்க் தானாகச் சோதித்தபோது திருத்த முடியாமல் போனவை. 187: திருத்த முடியாமல் கணினிக்கே தெரிவிக்கப்பட்ட பிழைகள். இவற்றில் கடைசிப் பத்தியில் உள்ள எண் 0 ஆக இருப்பது நல்லது. 0-வை விட்டு நகர்ந்து, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்கு விடை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

199 தனிக் கதை. அது டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே தரவு சிதைந்து வந்த தடவைகளின் எண்ணிக்கை. இது கூடினால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. அது வாழ்நாள் கணக்கு. எனவே இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்து மேலும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்மார்ட் எண்கள் எல்லாம் சுத்தமாக இருந்தால் டிஸ்க் நலம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் முக்கியமான நான்கு அறிகுறிகளில் எதுவுமே தோன்றியிருக்கவில்லை. அதே ஆய்வில், முதல் வருடல் பிழை (டிஸ்க் தன் மேற்பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) தோன்றிய டிஸ்க், பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு என்றும் கண்டார்கள். அதாவது, ஸ்மார்ட் ‘பழுது’ என்றால் நம்புங்கள். ‘பழுதில்லை’ என்றால் தொடர்ந்து கவனியுங்கள். அறிக்கையில் வரும் ‘தேறியது’ என்ற ஒற்றைச் சொல்லை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நலமான டிஸ்க்கை வெளியே தள்ளும் இன்னொரு காரணமும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் நல்ல டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி எறிகிறார்கள். மேசைக் கணினிக்கென்று செய்யப்பட்ட டிஸ்க், வாசிக்க முடியாத ஒரு செக்டரைச் சந்தித்தால் விடாப்பிடியாக மீண்டும் மீண்டும் முயலும். சில வகைகள் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயலும். லினக்ஸ் கெர்னல் வழக்கமாக 30 விநாடிதான் காத்திருக்கும். பிறகு இணைப்பை மீட்டமைத்து, ‘இது பதில் சொல்லவில்லை’ என்று முடிவு செய்யும். தொகுப்பும் அதை வெளியேற்றிவிடும். ரெய்டுக்கென்று விற்கப்படும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 விநாடிகளில் முயற்சியைக் கைவிட்டு, ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லிவிடும். தொகுப்பு மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு, அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும். வேலை நிற்காது. உங்கள் டிஸ்க் இந்த நேர வரம்பை ஏற்குமா என்பதை ஸ்மார்ட்சிடிஎல் கருவியாலேயே பார்க்கலாம், ஏற்றால் அமைக்கவும் செய்யலாம். பல டிஸ்க்குகளில் மின்சாரம் போனால் இந்த அமைப்பும் போய்விடும். ஒவ்வொரு துவக்கத்திலும் மீண்டும் அமைக்க வேண்டும். டிஸ்க் அதை ஏற்காவிட்டால் கெர்னலின் காத்திருப்பு நேரத்தை 180 விநாடியாக உயர்த்துங்கள்.

சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகைகளுக்கு முன்னறிவிப்பு இன்னும் குறைவு. நேற்று வரை ஓடியது இன்று அடையாளமே தெரியாமல் மறைந்துவிடும். 2019-இல் ஹெவ்லெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் தன் சர்வர்களில் பயன்பட்ட சில எஸ்எஸ்டி வகைகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது: இயங்கும் நேரம் 32,768 மணியைத் தொட்டதும் அவை செயலிழந்துவிடும், உள்ளே இருக்கும் நிரலின் பிழை. ஒரே நாளில் பொருத்தி ஒரே நாளில் இயக்கிய டிஸ்க்குகள் ஒரே நாளில் போகும் என்பதுதான் அதில் உள்ள கொடுமை. ரெய்டு 6 கூட அதைத் தாங்காது. எஸ்எஸ்டி தொகுப்பு வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரின் நிரல் புதுப்பிப்பு அறிவிப்புகளைத் தவறாமல் படியுங்கள்.

ஐந்தாவது, எந்த டிஸ்க் என்பதைச் சீரியல் எண்ணால் உறுதி செய்யுங்கள்

எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் தரும் பெயர்களை நம்பி உருவாதீர்கள். கணினியை மறுபடி இயக்கினால் அவை இடம் மாறக்கூடும். டிஸ்க் செருகப்படும் தட்டின் எண்ணையும் நம்பாதீர்கள். ஒரு கருவி 0-விலிருந்து எண்ணும், பெட்டியின் மேல் ஒட்டிய தாள் 1-இலிருந்து எண்ணும். மாறாதது ஒன்றுதான், டிஸ்க்கின் மேல் அச்சிட்ட சீரியல் எண். ஸ்மார்ட்சிடிஎல் அதையே காட்டும்.

கன்ட்ரோலர் கருவிகளிலும் ‘லெட்சிடிஎல்’ கருவியிலும் குறிப்பிட்ட தட்டின் விளக்கை மின்ன வைக்கும் வசதி உண்டு. அந்த வசதி இல்லாத பெட்டியில், டிஸ்க் இன்னும் பதில் சொல்கிறது என்றால் அதிலிருந்து தொடர்ந்து வாசிக்கும் கட்டளை ஒன்றை இயக்கினால் அதன் விளக்கு ஓயாமல் துடிக்கும். டிஸ்க் முற்றிலும் பேசவில்லை என்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: மற்ற எல்லா டிஸ்க்குகளின் சீரியல் எண்களையும் பட்டியலிட்டால், பட்டியலில் வராதது எதுவோ அதுவே பழுதானது.

இயந்திரத்தை நிறுத்த முடியுமானால் நிறுத்திவிட்டு, வெளியே எடுத்து எண்ணைக் கண்ணால் படித்து ஒப்பிடுவதே மிகப் பாதுகாப்பானது. ஆனால் பல ஆண்டுகள் நிற்காமல் ஓடிய பழைய டிஸ்க்குகள் நிறுத்தினால் மறுபடி சுழலாமல் போவதும் உண்டு. அதனால்தான் காப்புப்பிரதியை இரண்டாவது படியாக வைத்தேன்.

ஆறாவது, மாற்று டிஸ்க்

கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். பெட்டியில் ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் சில செக்டர்கள் குறைந்திருந்தால் தொகுப்பு ஏற்காது. செக்டர் அளவும் பொருந்த வேண்டும்; 512 பைட் முகம் காட்டும் டிஸ்க்குகளின் நடுவே 4,096 பைட் மட்டுமே பேசும் டிஸ்க்கைப் பல கன்ட்ரோலர்கள் ஒதுக்கிவிடும்.

எஸ்எம்ஆர் முறையில் பதிவு செய்யும் டிஸ்க்குகளைத் தவிர்க்கச் சொல்வேன். அதில் தடங்கள் ஓட்டு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். மறுகட்டமைப்பு போன்ற இடைவிடாத எழுத்து வேலையில் வேகம் சரிந்துவிடும். சில நேரம் தொகுப்பு பொறுமையிழந்து புதிய டிஸ்க்கையே வெளியேற்றிவிடும். வாங்கும் முன் அந்த மாதிரி எண்ணின் விவரத்தாளைப் பாருங்கள்.

புதிய டிஸ்க் சுழலவே இல்லையா? செத்தது என்று திருப்பி அனுப்பும் முன் ஒன்றைச் சோதியுங்கள். புதிய சேட்டா தரத்தில் மின் இணைப்பின் மூன்றாவது ஊசிக்கு டிஸ்க்கை அணைக்கும் வேலை தரப்பட்டிருக்கிறது. பழைய மின்வழங்கிகள் அதே ஊசியில் 3.3 வோல்ட் அனுப்பும். டிஸ்க் அதை ‘அணைந்திரு’ என்ற கட்டளையாகப் புரிந்துகொண்டு அசையாமல் இருக்கும்.

நேரம் இருந்தால், புதியதையும் தொகுப்பில் சேர்க்கும் முன் வேறொரு கணினியில் பொருத்தி ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள். புதிய டிஸ்க் என்பதாலேயே அது நல்ல டிஸ்க் ஆகிவிடாது.

ஏழாவது, மாற்றுதல்

பழைய டிஸ்க் தடுமாறினாலும் இன்னும் வாசிக்க முடிகிறது, ஒரு தட்டும் காலியாக இருக்கிறது என்றால், பழையதை வெளியே எடுக்காமலே மாற்றுங்கள். எம்டிஆட்ம் கருவியில் ‘ரீப்ளேஸ்’ என்ற விருப்பம் இதற்காகவே இருக்கிறது. இசட்எஃப்எஸ்ஸின் ‘ரீப்ளேஸ்’ கட்டளையும் இரண்டு டிஸ்க்குகளும் பொருந்தியிருக்கும்போதே வேலை செய்யும். பழையதில் வாசிக்க முடிந்தவை நேரடியாகப் புதியதற்கு நகலாகும். வாசிக்க முடியாதவை மட்டும் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிடப்படும். தொகுப்பு ஒரு நொடிகூட ஊனமாக நிற்க வேண்டியதில்லை. இந்த வசதி இருந்தும் பலர் பழைய வழியிலேயே முதலில் உருவிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பழையது முழுவதும் போய்விட்டது என்றால் வழக்கமான வரிசை: எம்டிஆட்ம் கருவியில் ‘ஃபெயில்’ என்று அறிவித்து, ‘ரிமூவ்’ செய்து, பிறகே கையால் உருவி, புதியதைச் செருகி, அதன் சீரியல் எண்ணைப் பார்த்து, ‘ஆட்’ செய்ய வேண்டும். தொகுப்பு முழு டிஸ்க்குகளால் ஆனதாக இல்லாமல் டிஸ்க்குகளின் பிரிவினைகளால் (பார்ட்டிஷன்) ஆனதாக இருந்தால், நடுவே ஒரு வேலை கூடுதலாக உண்டு. நலமான டிஸ்க்கின் பிரிவினை அட்டவணையைப் புதியதற்கு நகலெடுக்க வேண்டும். இங்கே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘எஸ்ஜிடிஸ்க்’ கருவியின் நகல் விருப்பத்தில், போய்ச் சேர வேண்டிய டிஸ்க்கை முதலிலும் மூலத்தைக் கடைசியிலும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் காலியான அட்டவணை நல்ல டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். கட்டளையை எழுதி முடித்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சீரியல் எண் குறிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நகலெடுத்த பின், புதிய டிஸ்க்குக்குத் தனி அடையாள எண்களை உருவாக்கவும் அதே கருவியில் விருப்பம் உண்டு.

கன்ட்ரோலர் அட்டைகளில் பெரும்பாலும் புதியதைச் செருகியதும் மறுகட்டமைப்பு தானாகவே தொடங்கிவிடும். வேறொரு தொகுப்பில் முன்பு இருந்த டிஸ்க்கைச் செருகினால் ‘அயல் அமைப்பு’ என்று காட்டும். மாற்று டிஸ்க்காகக் கொண்டுவந்ததில் அப்படி வந்தால் அந்தப் பழைய அமைப்பை அழித்துவிட்டுச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் தொகுப்பின் சொந்த டிஸ்க்குகளே திடீரென்று அயல் என்று காட்டினால், எதையும் அழிக்காதீர்கள். அவற்றில்தான் உங்கள் தரவு இருக்கிறது. இறக்குமதி செய்யும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

எட்டாவது, காத்திருத்தல்

10 டெராபைட் டிஸ்க் ஒன்றை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்பினால் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம். யாரும் பயன்படுத்தாத தொகுப்புக்கான கணக்கு இது. வேலை நடந்துகொண்டிருக்கும் சர்வரில் இது இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். லினக்ஸில் மறுகட்டமைப்பின் குறைந்தபட்ச வேகமும் அதிகபட்ச வேகமும் அமைப்பு எண்களாக இருக்கின்றன. குறைந்தபட்சம் விநாடிக்கு 1,000 கிலோபைட் என்று மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கும். சர்வர் பரபரப்பாக இருந்தால் மறுகட்டமைப்பு அந்த அளவுக்கு ஊர்ந்துபோகும். அதை உயர்த்துங்கள், பயனர்களிடம் சொல்லிச் சுமையைக் குறையுங்கள். தள்ளிவைக்கக் கூடிய வேலைகள் எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

ரெய்டு 5-இல் இந்தக் காத்திருப்பு ஏன் கவலையளிக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. மேசைக் கணினி டிஸ்க்குகளின் விவரத்தாளில், ஒரு கோடி கோடி பிட்டுகளை வாசித்தால் அதிகபட்சம் ஒரு வாசிப்புப் பிழை என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டெராபைட். நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகளில் ஒன்று போனால், மீதி மூன்றிலிருந்து 24 டெராபைட் வாசிக்க வேண்டும். உண்மையில் டிஸ்க்குகள் விவரத்தாளைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, 12.5 டெராபைட்டில் கட்டாயம் பிழை வரும் என்று பொருள் கொள்ள வேண்டாம். ஆனால் வந்துவிட்டால், ஈடுகட்ட இன்னொரு பிரதி இல்லை. சில கன்ட்ரோலர்கள் அந்த இடத்தில் மறுகட்டமைப்பையே நிறுத்திவிடும். இசட்எஃப்எஸ், எந்தக் கோப்பு பாதிக்கப்பட்டது என்று பெயரோடு சொல்லிவிட்டு மேலே நகரும். பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6-ஐ நான் வற்புறுத்துவது இதனால்தான்.

காத்திருக்கும்போது வெப்பநிலையைப் பாருங்கள். பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தால் காற்றோட்டம் கெடும், மூடியே வையுங்கள். மற்ற டிஸ்க்குகளின் 197-ஆம் எண் கூடுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். சலிப்பில் கணினியை மறுபடி இயக்காதீர்கள்.

இரண்டாவது டிஸ்க்கும் போய்விட்டால்

தாங்கும் எல்லை தாண்டிவிட்டது, தொகுப்பு நின்றுவிட்டது. இப்போது நீங்கள் செய்யாமல் விடுபவையே தரவைக் காப்பாற்றும். புதிய தொகுப்பை அதே டிஸ்க்குகளின் மேல் உருவாக்கும் ‘கிரியேட்’ கட்டளையை இயக்காதீர்கள். ‘இனிஷியலைஸ்’ செய்யட்டுமா என்று கருவி கேட்டால் ‘வேண்டாம்’. கோப்பு முறைமையைப் பழுது பார்க்கும் கருவிகளை ஓட்டாதீர்கள். பாதி டிஸ்க்குகளைக் காணாத அந்தக் கருவி, இருப்பதையும் ‘திருத்தி’ அழித்துவிடும்.

என் கதைக்கு வருகிறேன். தவறான டிஸ்க்கை உருவியதும் தொகுப்பு நின்றது; அதனால் மேற்கொண்டு எதுவும் எழுதப்படவில்லை. அது நல்லதாயிற்று. இயந்திரத்தை நிறுத்தி, டிஸ்க்கை அதே தட்டில் திரும்பச் செருகி, ஒவ்வொன்றின் நிகழ்வு எண்ணிக்கையையும் பார்த்தேன். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே எண். நான் உருவியதில் சில எண்கள் மட்டும் குறைவு. முதலில் பழுதானதில் பல ஆயிரம் குறைவு. அந்தக் கடைசி டிஸ்க்கில் இருப்பது பழைய தரவு. அதைச் சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதை விலக்கிவிட்டு, மற்ற மூன்றை மட்டும் ‘அசெம்பிள்’, ‘ஃபோர்ஸ்’ என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்து எழுப்பினேன். தொகுப்பு எழுந்தது. வாசிக்க மட்டும் அனுமதித்து ஏற்றி, விடியும் வரை நகலெடுத்தேன்.

என் டிஸ்க்குகள் மூன்றும் நலமாக இருந்ததால் அது முடிந்தது. இரண்டாவது டிஸ்க்கும் உண்மையிலேயே தேய்ந்துபோனது என்றால், முதலில் அதை ‘டிடிரெஸ்க்யூ’ கருவியால் புதிய டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அது எளிதாக வாசிக்க முடிந்தவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நின்றோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்ளும். அந்தக் கோப்பு இல்லாமல் ஓட்டாதீர்கள். பிறகு எழுப்பும் முயற்சியை நகல்களின் மேல் மட்டும் செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து தட்டும் ஒலியோ உரசும் ஒலியோ கேட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு சுழற்சியும் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தகட்டின் மேற்பரப்பைச் சுரண்டும்.

எல்லாம் சரியான பிறகு

மறுகட்டமைப்பு முடிந்ததும் ஒரு முழுச் சரிபார்ப்பு ஓட்டம் தேவை. இசட்எஃப்எஸ்ஸில் ‘ஸ்க்ரப்’, மென்பொருள் ரெய்டில் ‘செக்’. இதை மாதம் ஒருமுறை தானாக ஓடும்படி வையுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இதைத் தானே செய்யும். யாரும் தொடாத மூலைகளில் ஒளிந்திருக்கும் கெட்ட செக்டர்கள், எல்லா டிஸ்க்குகளும் நலமாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படும்.

இயங்குதளமும் அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது என்றால், துவக்க நிரலைப் புதிய டிஸ்க்கிலும் நிறுவுங்கள். ரெய்டு 1 தரவை நகலெடுக்கும். துவக்கப் பகுதி தொகுப்புக்கு வெளியே இருப்பதால் அதை நகலெடுக்காது. ஓராண்டு கழித்து மற்ற டிஸ்க் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது: தரவு முழுவதும் இருக்கிறது, இயந்திரம் மட்டும் எழவில்லை.

எச்சரிக்கை மின்னஞ்சல் உண்மையில் வந்து சேர்கிறதா என்று சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். எம்டிஆட்ம் கருவியின் கண்காணிப்பு முறையில் அதற்கென்று ‘டெஸ்ட்’ விருப்பம் இருக்கிறது. முதல் டிஸ்க் போய் நான்கு மாதங்கள் யாருக்கும் தெரியாமல் ஓடிய தொகுப்பை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது போன அன்றுதான் பெட்டியைத் திறந்தார்கள்.

ஒவ்வொரு தட்டின் முகத்திலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். வெளியே எடுத்த பழைய டிஸ்க்கின் மேல் ‘பழுது’ என்ற சொல்லையும் தேதியையும் எழுதுங்கள். புதிய தொகுப்பு ஒரு முழுச் சரிபார்ப்பைக் கடக்கும் வரை அதை அலமாரியிலேயே வைத்திருங்கள்; பாதி வாசிக்க முடிந்த டிஸ்க்கும் ஆபத்தில் உதவும். பிறகு, உத்தரவாதத்துக்குத் திருப்பி அனுப்புவதோ அப்புறப்படுத்துவதோ எதுவானாலும், அதில் இன்னும் பிறருடைய தரவு இருக்கிறது என்பதை மறக்காமல், முழுவதும் அழித்துவிட்டோ உடைத்துவிட்டோ மட்டுமே கையை விட்டு அனுப்புங்கள்.